ஜெராக்ஸ் மெஷினுக்குள் தங்கிவிடும் தாள்கள்: சின்ன அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்ணாடி மேல் ஓர் ஆதார் அட்டையை வைத்து, 10 காப்பி என்று கொடுத்துப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். மூடிக்குக் கீழே வெள்ளை விளக்கு ஒரே ஒரு தடவைதான் ஓடும். தாள் மட்டும் பத்து வரும். பழைய அனலாக் மெஷின்களில் ஒவ்வொரு காப்பிக்கும் விளக்கு ஓடியது. அட்டையில் பட்ட வெளிச்சம் நேரே டிரம் என்ற உருளைக்குப் போனது, அதோடு முடிந்தது. இன்றைய மெஷின் அப்படி இல்லை. ஒரு தடவை படித்து, படமாக உள்ளே எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் படத்திலிருந்து பத்தையும் அடிக்கிறது. அட்டை உங்கள் பர்ஸுக்குத் திரும்பிவிடும். படம் மெஷினிலேயே இருக்கும்.

மேசை மேல் வைக்கிற சின்ன பிரிண்டர் என்றால் அந்தப் படம் தற்காலிக நினைவகத்தில் இருந்து, கரண்ட் போனதும் போய்விடும். தரையில் நிற்கிற பெரிய மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குள் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே ஒரு ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் சேமிப்பு) இருக்கிறது. 160, 250, 320 ஜி.பி. என்பவை சாதாரணமாகப் பார்க்கிற அளவுகள். வேலை முடிந்ததும் மெஷின் படத்தை அழித்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் அழிவது முகவரிக் குறிப்பு மட்டும்தான். படம் கிடக்கும் இடத்தின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை அது அப்படியே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி, இலவசமாகக் கிடைக்கிற மீட்பு மென்பொருளை ஓட்டினாலே எடுத்துவிடலாம்.

2010இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதைச் செய்தே காட்டியது. நியூஜெர்சியில் ஒரு கிடங்கிலிருந்து நான்கு பழைய மெஷின்களை வாங்கினார்கள். ஒன்றில் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே, கண்ணாடியின் மேல் பஃபலோ நகரக் காவல்துறையின் தாள்கள் கிடந்தன. இன்னொன்றின் டிஸ்க்கில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிக் குறிப்புகள். வாடகை முடிந்து மெஷின்களைத் திருப்பிக் கொடுத்தபோது டிஸ்க்கை அழிக்காததுதான் அந்த நிறுவனம் செய்த தவறு. 3,44,579 பேரின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அரசிடம் சொல்ல வேண்டிவந்தது. 2013இல் 12,15,780 டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நம் ஊரில் ஆடிட்டர் அலுவலகம், வக்கீல் அலுவலகம், ரத்தப் பரிசோதனை லேப், பள்ளிக்கூடம், ஐம்பது பேர் வேலை செய்கிற கம்பெனி என்று பல இடங்களில் தனியாக ஐ.டி. ஆள் கிடையாது. மெஷின் சில இடங்களில் வாடகைக்கு வந்தது, வேறு சில இடங்களில் ரீகண்டிஷன் செய்து வாங்கியது. இரண்டுமே ஒருநாள் வெளியே போகும். அன்றைக்கு டெம்போ வாசலில் நிற்கும், புது மெஷின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும், டிஸ்க்கைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் வெளியே போகிற நாளுக்கான வேலையில் பெரும்பகுதியை மெஷின் உள்ளே வருகிற நாளிலேயே முடித்துவிட வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

உங்கள் மெஷினில் டிஸ்க் இருக்கிறதா?

மெஷினின் மெனுவில் ரிப்போர்ட் அல்லது கான்ஃபிகரேஷன் பேஜ் என்று ஒன்று இருக்கும். அதை அச்சிடுங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் அளவு அதில் வரும். அப்படி வராவிட்டாலும், திரையில் ஃபைல்களைச் சேமித்து வைக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேனானில் மெயில் பாக்ஸ், கோனிகா மினோல்டாவில் யூசர் பாக்ஸ், கியோசெராவில் கஸ்டம் பாக்ஸ், ரிக்கோவில் டாக்குமெண்ட் சர்வர். பாக்ஸ் இருந்தால் உள்ளே நிரந்தரச் சேமிப்பும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் இல்லாத மெஷின் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வைஃபை பாஸ்வேர்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு, முகவரிப் பட்டியல், ஃபேக்ஸ் எண்கள் எல்லாம் மதர்போர்டில் உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்பில் இருக்கும். அவை கரண்ட் போனாலும் போகாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று ரிப்பன். பழைய ஃபிலிம் ஃபேக்ஸ் மெஷின்களும், பள்ளிகளிலும் கம்பெனிகளிலும் பி.வி.சி. அடையாள அட்டை அடிக்கிற பிரிண்டர்களும் ரிப்பனில் ஓடுபவை. அட்டை பிரிண்டரின் தீர்ந்துபோன ரிப்பனை ஒரு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் பட்டை வருகிற இடத்தில், எழுத்து ஒட்டிப் போன இடமெல்லாம் வெளிச்சம் தெரியும். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி என ஓர் அட்டை விடாமல் வரிசையாக வாசிக்கலாம். அந்த ரிப்பனைக் குப்பையில் போடாமல் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.

மெஷின் வந்த நாள்: அரை நாள் ஒதுக்குங்கள்

வரிசை மாறினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். முகவரிப் பட்டியலை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு என்கிரிப்ஷனைப் போட்டால் பல மெஷின்கள் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடும்; ஏற்றியதெல்லாம் போய்விடும். எனவே இப்படிப் போங்கள்.

முதலாவது, ரீகண்டிஷன் மெஷின் என்றால் முழுத் துடைப்பு. வெளிநாட்டில் ஓடி, கப்பலில் வந்து, இங்கே புது டிரம் போட்டு விற்கப்படும் மெஷின்கள் நிறைய. அவற்றில் பழைய அலுவலகத்தின் முகவரிப் பட்டியலும் ஃபேக்ஸ் எண்களும் அப்படியே இருப்பதுண்டு. அது உங்களுடையது இல்லை, பார்த்துக்கொண்டிருக்காமல் அழித்துவிடுங்கள். கேனானில் மேனேஜ்மெண்ட் செட்டிங்ஸுக்குள் டேட்டா மேனேஜ்மெண்ட், அதற்குள் எல்லா டேட்டாவையும் செட்டிங்கையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகிற வசதி உண்டு. ரிக்கோவில் அதன் பெயர் எரேஸ் ஆல் மெமரி. ஃபேக்டரி ரீசெட் என்ற பெயரில் வருகிற எல்லாமே டிஸ்க்கைத் துடைப்பதில்லை. சில, செட்டிங்குகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். முடிய இரண்டு நிமிடம்தான் ஆனது என்றால், என்கிரிப்ஷன் இல்லாத ஹார்ட் டிஸ்க் துடைக்கப்படவில்லை. 320 ஜி.பி. டிஸ்க்கின் மேல் நொடிக்கு 80 எம்.பி. வேகத்தில் எழுதினாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இரண்டாவது, அட்மின் பாஸ்வேர்டு. மெஷினோடு வருகிற பாஸ்வேர்டு அந்த மாடலின் கையேட்டிலேயே அச்சாகி, இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. கேனான் இமேஜ்ரன்னர்களில் 7654321 நெடுங்காலம் இருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெஷின்களில் 1111. பாஸ்வேர்டே இல்லாமல் வெறும் அட்மின் என்ற பெயரில் திறந்தவையும் உண்டு. புது மெஷின்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2025 ஜூனில் ரேப்பிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், பிரதர் நிறுவனத்தின் 689 மாடல்களில் குறை கண்டுபிடித்தார்கள். சீரியல் எண் தெரிந்தால் அதிலிருந்தே தொடக்க பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஏற்கெனவே விற்ற மெஷின்களில் ஃபர்ம்வேர் (மெஷினின் உள் மென்பொருள்) அப்டேட்டால் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினால்தான் தப்பலாம். 12 எழுத்துக்குக் குறையாமல் வைத்து, ஒரு கவரில் போட்டு, அலுவலகப் பீரோவில் வையுங்கள். சர்வீஸ் இன்ஜினியரின் நோட்டில் மட்டும் இருக்கும்படி விடாதீர்கள்.

மூன்றாவது, என்கிரிப்ஷன். டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் ஒரு சாவியால் பூட்டி எழுதுவது. சாவி மெஷினின் போர்டில் இருக்கும். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போனவருக்கு ஒன்றும் புரியாது. பழைய மாடல்களில் இதற்குத் தனியாக டேட்டா செக்யூரிட்டி கிட் வாங்க வேண்டியிருந்தது. புதியவை பலவற்றில் கூடவே வருகிறது. வாடகை பேசும்போதே கேளுங்கள். போடும்போது மெஷின் சாவியைத் தாளில் அச்சிட்டுத் தந்தால், அந்தத் தாளைப் பத்திரப் பதிவுத் தாள் போலக் காப்பாற்றுங்கள். போர்டு எரிந்துபோய்ப் புதிதாக மாற்றும்போது, சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருந்த எதையும் திரும்ப எடுக்க முடியாது. என்கிரிப்ஷன் போட முழு டிஸ்க்கையும் மாற்றி எழுத வேண்டும் என்பதால் சில மணி நேரம் ஓடலாம். நடுவில் கரண்ட் போகக் கூடாது. யு.பி.எஸ். இல்லாத இடத்தில் அன்றைக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. என்கிரிப்ஷன் போட்டாயிற்று, இனி கவலை இல்லை என்பது. மெஷின் முழுதாக, சாவியோடு சேர்ந்து போனால், அதை ஆன் செய்கிறவருக்கு எல்லாம் திறந்துதான் இருக்கும். பாக்ஸில் உள்ள ஃபைல்களைத் திரையிலேயே பார்க்கலாம். டிஸ்க் மட்டும் தனியாகப் போகும் சந்தர்ப்பத்துக்குத்தான் என்கிரிப்ஷன்.

நான்காவது, தானாக மேலெழுதுதல். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்தப் படம் கிடந்த இடத்தின் மேல் மெஷினே வேறு எழுத்துகளை எழுதிவிடும். காந்தத் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சுற்று போதும். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிர்ணய அமைப்பு வெளியிட்டுள்ள 800-88 வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. மூன்று, ஏழு என்று வைத்தால் மெஷின் மந்தமாகும், பலன் கூடாது. இது ஓடிக்கொண்டிருக்கும்போது ரிக்கோ மெஷின்களில் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன ஐகான் மின்னும். அந்த நேரத்தில் மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது. சாயங்காலம் கிளம்பும்போது சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. மேலெழுதல் பாதியில் நிற்பதோடு, டிஸ்க்கும் சீக்கிரம் கெடும். மெஷினை அதன் சொந்தப் பொத்தானில் அணைத்து, திரை இருண்ட பிறகு சுவர் சுவிட்சுக்கு வாருங்கள்.

ஸ்கேன் ஃபோல்டர்: அதிகம் ஒழுகுகிற இடம்

டிஸ்க்கைத் திருடிப் படிக்க ஒருவர் மெனக்கெட வேண்டும். ஸ்கேன் ஃபோல்டரைப் படிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. சர்வீஸுக்கு வருகிற தம்பிக்கு அன்றைக்கு இன்னும் ஆறு இடம் போக வேண்டியிருக்கும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஸ்கேன் என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து, எவரிஒன் என்று ஷேர் கொடுத்து, முழு அனுமதியும் கொடுத்து, ஃபயர்வாலை அணைத்து, ஒரு தாளை ஸ்கேன் செய்து காட்டிவிட்டுப் போய்விடுவார். வேலை நடக்கும். மூன்று வருஷம் கழித்து அதைத் திறந்தால் பான் கார்டுகள், பத்திர நகல்கள், வங்கிப் பாஸ்புக் பக்கங்கள், மருத்துவ அறிக்கைகள் எனப் பல்லாயிரம் பி.டி.எஃப்.கள் கிடக்கும். அலுவலக வைஃபையில் சேர்ந்த எந்த செல்போனிலிருந்தும் அவற்றைத் திறக்க முடிகிற நிலைகூட இருக்கலாம்.

சரிசெய்வது ஒரு மணி நேர வேலை. அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்கேனுக்கென்று தனியாக ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். அது அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருக்கக் கூடாது. நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள். ஃபோல்டரின் ஷேரிங் பட்டியலிலிருந்து எவரிஒன் என்பதை நீக்கிவிட்டு, இந்த யூசருக்கும் ஃபோல்டரைப் பார்க்க வேண்டிய ஆட்களுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். செக்யூரிட்டி என்ற இன்னொரு பக்கத்திலும் இதையே செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் செய்துவிட்டு, ஏன் திறக்கவில்லை அல்லது ஏன் இன்னும் எல்லோருக்கும் திறக்கிறது என்று குழம்புவது வழக்கம். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என ஃபோல்டரைப் பிரியுங்கள். மெஷினின் முகவரிப் பட்டியலில் பழைய யூசரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்து, பிரைவேட் நெட்வொர்க்கில் ஃபைல் ஷேரிங்கை மட்டும் அனுமதியுங்கள். கடைசியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போய், அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால்தான் வேலை முடிந்தது.

பழைய மெஷின்கள் எஸ்.எம்.பி.1 என்ற பழைய முறையில் மட்டுமே ஃபோல்டருக்கு அனுப்பும். அதற்காக விண்டோஸில் எஸ்.எம்.பி.1ஐத் திரும்ப ஆன் செய்யச் சொல்வார்கள். வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற வைரஸ் புகுந்த வழி அதுதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு ஸ்கேன் நின்றுபோனால், காரணம் பெரும்பாலும் எஸ்.எம்.பி. சைனிங் (அனுப்புகிறவரைக் கையொப்பத்தால் சரிபார்ப்பது) கட்டாயமாக்கப்பட்டதும், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு மூடப்பட்டதும்தான். இரண்டையும் விண்டோஸில் தளர்த்துவதற்கு முன்னால் மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதுவும் கிடைக்காத கிழட்டு மெஷின் என்றால் பென் டிரைவில் ஸ்கேன் செய்வதே மேல்.

மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்புகிறவர்கள் பலர் முதலாளியின் ஜிமெயிலையே மெஷினில் போட்டிருப்பார்கள். ஜிமெயில் இப்போது இதற்கு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு கேட்கிறது. அது மெஷினுக்கு மட்டுமான சாவி என்று நினைக்காதீர்கள். அதை வைத்து அந்தக் கணக்கின் அஞ்சல்களைப் படிக்கவும் முடியும். ஸ்கேனுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறங்கள். மெஷின் பயன்படுத்தும் கணக்கின் சென்ட் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். மெஷின் இதுவரை அனுப்பிய ஒவ்வொரு தாளும் அங்கே இருக்கும். மாதம் ஒருமுறை காலி செய்யுங்கள். அழித்தவை டிராஷில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்யுங்கள்.

தனி யூசர், தனிக் கணக்கு என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மெஷினின் அட்மின் பக்கத்துக்குள் நுழைந்த ஒருவர், ஸ்கேன் போய்ச் சேரும் கம்ப்யூட்டரின் முகவரியைத் தன் லேப்டாப்பின் முகவரியாக மாற்றிவிட்டால் போதும். அடுத்த ஸ்கேனில் மெஷின் தன்னிடம் உள்ள யூசர் பெயரையும் பாஸ்வேர்டு விவரத்தையும் அந்த லேப்டாப்பிடமே நீட்டும். பாஸ்பேக் என்று இதற்குப் பெயர். 2025 பிப்ரவரியில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் வெர்சாலிங்க் மெஷின்களில் இந்தக் குறை இருப்பது வெளியானது. மெஷினில் சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைப் போட்டிருந்தால், போவது மொத்த அலுவலகமும். ஸ்கேன் யூசர் மட்டும் இருந்தால், போவது ஒரு ஃபோல்டர்.

நெட்வொர்க்கில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மெஷினின் ஐ.பி. முகவரியை பிரவுசரில் அடித்தால் அதன் செட்டிங்ஸ் பக்கம் வரும், முன்னால் எச்.டி.டி.பி.எஸ். போட்டுத் திறங்கள், சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அது மெஷின் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் என்பதால்தான். டெல்நெட், எஃப்.டி.பி. இரண்டையும் அணையுங்கள். வைஃபை டைரக்ட் பயன்படுத்தவில்லை என்றால் அதையும். மெஷினின் நிலையைத் தூரத்திலிருந்து கேட்டறிய உதவும் எஸ்.என்.எம்.பி. வசதியில் கம்யூனிட்டி பெயர் பப்ளிக் என்று இருந்தால் மாற்றுங்கள். ஐ.பி. ஃபில்டரில் உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களை மட்டும் அனுமதியுங்கள். ரூட்டரில், அச்சு வேலை வந்து சேரும் வழிகளான 9100, 631, 515 போர்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளே திறந்துவிட்டிருந்தால் உடனே மூடுங்கள். 2018இல் அப்படித் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரிண்டர்களில் ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்கும் தாளை ஒருவர் தூரத்திலிருந்தே அடித்தார்.

அன்றாடம்

மதியம் மூன்று மணி. சம்பளப் பட்டியலை 14 பக்கம் அடிக்கக் கொடுக்கிறீர்கள். ஆறாவது பக்கத்தில் தாள் தீர்ந்துவிடுகிறது. அதற்குள் போன் வருகிறது, மறந்துவிடுகிறீர்கள். மறுநாள் காலை யாரோ தட்டில் தாள் வைத்ததும் மிச்ச எட்டுப் பக்கமும் அவர் கையில் வந்து விழும். தாள் சிக்கி நின்ற வேலையும் இப்படித்தான். சிக்கலை எடுத்தவுடன் மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனவே வேலை நின்றால் திரையில் ஜாப் ஸ்டேட்டஸுக்குப் போய் அதை ரத்து செய்துவிட்டு நகருங்கள். சிக்கிக் கிழிந்த தாளின் துண்டுகளையும் எண்ணி எடுங்கள். பின்பக்கக் கதவுக்குள் ஃபியூசர் அருகே அரைத் தாள் மாட்டிக்கொண்டிருப்பது சாதாரணம்.

ரகசியமானவற்றை எப்போதும் பின் எண் போட்டு அடியுங்கள். அச்சிடும் பெட்டியில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், ரிக்கோவில் லாக்டு பிரிண்ட், கேனானில் செக்யூர்டு பிரிண்ட், கியோசெராவில் பிரைவேட் பிரிண்ட் என்று இருக்கும். நான்கு இலக்க எண் கொடுத்து அனுப்பினால் தாள் வராது. மெஷின் முன் நின்று அந்த எண்ணை அடித்த பிறகுதான் வரும். எடுக்க மறந்த வேலைகள் டிஸ்க்கிலேயே தேங்கிக் கிடக்காமல் இருக்க, இத்தனை மணி நேரத்தில் தானாக அழியட்டும் என்ற செட்டிங்கையும் போடுங்கள். கியோசெராவில் 1 மணி, 4 மணி, 1 நாள், 1 வாரம் என்று கேட்கும். 4 மணி நேரம் பெரும்பாலான அலுவலகங்களுக்குச் சரியாக இருக்கும்.

ஃபைலின் பெயரும் காட்டிக்கொடுக்கும். பணிநீக்கக் கடிதம் என்ற பெயரோடு ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சேமித்து அடித்தால், அந்தத் தலைப்பு ஜாப் பட்டியலில் எல்லோர் கண்ணிலும் படும். ஜாப் பெயர்களை மறைக்கும் செட்டிங் உங்கள் மெஷினில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடிப்பதற்கு முன் ஃபைல் பெயரை மாற்றுங்கள். விண்டோஸிலும் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்டு பக்கத்தில், அச்சிட்டவற்றை வைத்துக்கொள் என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இருக்கும்வரை, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அடித்ததெல்லாம் அதிலேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

வீணான பிரிண்ட்டுகளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதி, கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவது நல்ல சிக்கனம்தான். ஆனால் அந்தத் தாள் பஜ்ஜிக் கடை வரைக்கும் போகும். ஆள் விவரம் உள்ள தாள்களை மட்டும் தனிப் பெட்டியில் போட்டு ஷ்ரெட்டரில் விடுங்கள். நீளவாக்கில் மட்டும் வெட்டுகிற ஷ்ரெட்டர் வேண்டாம், அந்த நாடாக்களை ஒட்டிவிடலாம். பி-4 தரம் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

டிஸ்க் பழுதாகும்போது

கேனானில் இ602, ரிக்கோவில் எஸ்சி860 வரிசை எண்கள் திரையில் வந்தால் டிஸ்க் சம்பந்தப்பட்ட கோளாறு. இன்ஜினியர் புது டிஸ்க்கைப் போட்டுவிட்டுப் பழையதைப் பையில் வைத்துக்கொண்டு போவார். உதிரிபாகக் கணக்குக்கு அது வேண்டும் என்பார். மெஷினால் படிக்க முடியாத டிஸ்க்கையும் மீட்பு மென்பொருள் படித்துவிடக்கூடும். எனவே, பழைய டிஸ்க் எங்களிடம்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்:

“ஒப்பந்தம் முடியும்போதோ, பழுதாகி மாற்றும்போதோ, மெஷினில் உள்ள ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.யை வாடிக்கையாளர் வைத்துக்கொள்வார். அல்லது அது வாடிக்கையாளர் முன்னிலையில் முழுவதும் அழிக்கப்பட்டு, அதன் சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துச் சான்று தரப்படும்.”

டிஸ்க்கின் விலையைக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிப்பது அந்தக் கடமைகளில் ஒன்று.

மெஷின் கிளம்புகிற நாள்

டெம்போ வருவதற்கு முந்தைய நாளே தொடங்குங்கள். மீட்டர் கவுண்டர் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். துடைத்த பிறகு பில் கணக்கில் தகராறு வரக் கூடாது. முகவரிப் பட்டியலை பிரவுசர் வழியாக ஏற்றுமதி செய்து எடுங்கள். பாக்ஸில் வேண்டிய ஃபைல்கள் இருந்தால் எடுங்கள். பிறகு, மெஷின் வந்த நாளில் பார்த்த அதே முழு அழிப்பை ஓட்டுங்கள். முடிந்ததும் அறிக்கை அச்சாகி வந்தால் அதைக் கோப்பில் போடுங்கள். வராவிட்டால் திரையைப் போட்டோ எடுங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, யு.எஸ்.பி. துளைகளில் பென் டிரைவ் ஏதும் மாட்டியிருக்கிறதா, மூடிக்குக் கீழும் மேலே உள்ள ஃபீடரிலும் தாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்.எஸ்.டி. உள்ள மெஷினில் மேலெழுதுவதை நம்ப முடியாது. எழுதுவதை எந்தச் சிப்பில் வைப்பது என்பதை எஸ்.எஸ்.டி. தானே முடிவு செய்கிறது. பழைய இடம் தொடப்படாமலேயே கிடக்கலாம். முதல் நாளிலேயே என்கிரிப்ஷன் போட்டிருந்தால், பல மெஷின்களில் அழிப்பு வசதி அந்தச் சாவியை அழித்துவிடும். பிறகு உள்ளே கிடப்பது வெறும் குப்பை. முதல் நாள் போடவில்லை என்றால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி உடைப்பதுதான் வழி.

வாடகை மெஷினில் நீங்களாக டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். கேனான் இமேஜ்ரன்னர் அட்வான்ஸ் போன்றவற்றில் மெஷினை ஓட்டுகிற மென்பொருளே டிஸ்க்கில்தான் இருக்கிறது. கழற்றினால் மெஷின் எழும்பாது, புது டிஸ்க்கில் திரும்ப ஏற்ற இன்ஜினியர்தான் வர வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். உங்கள் சொந்த மெஷின், இனி ஓடவும் போவதில்லை என்றால் கழற்றலாம். மின்வயரைப் பிடுங்கிய பிறகு, பின்பக்கத் தகட்டைத் திறந்தால் கன்ட்ரோலர் போர்டுக்கு அருகே இருக்கும். டிரில்லால் தட்டு சுழலும் பகுதியில் மூன்று துளை போடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, நொறுங்கித் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிஸ்க்கைத் துணியால் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். எஸ்.எஸ்.டி.யில் ஒரு துளை போதாது. போர்டில் உள்ள ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் உடைய வேண்டும். மிச்சத்தை ஆக்கர் கடையில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மெஷின் ஏற்கெனவே போய்விட்டதா?

போன வாரமே திருப்பிக் கொடுத்திருந்தால் இன்னும் கிடங்கிலேயே நிற்கலாம். டீலரைக் கூப்பிட்டு மெஷினின் சீரியல் எண்ணைச் சொல்லுங்கள்; வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், வந்து துடைத்துவிட்டுப் போகிறோம் என்று கேளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அவர் பதில் சொல்லும் வரை காத்திருக்காமல், மெஷினில் இருந்த சாவிகளையெல்லாம் செல்லாததாக்குங்கள். ஜிமெயிலில் அந்த ஆப் பாஸ்வேர்டை நீக்குங்கள். ஸ்கேன் யூசரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைப் போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மெஷின் வைஃபையில் இருந்திருந்தால் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அதன் பிறகு, கடைசி ஆறு மாதத்தில் அந்தக் கண்ணாடி மேல் என்னென்ன தாள் வைக்கப்பட்டது என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். டீலர் கைவிரித்துவிட்டால், யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.